பாலத்தடியில் இல்லாத நீலக்குச்சி

ஏப்ரல் 6

அக்காவுக்கு,

ஆறு வருடம் கழித்து எழுதுகிறேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டுப் பிரிக்காமலே இழுப்பறையில் போட்டிருப்பாய். ஆனால் பிரிப்பாய் என்று தெரியும். பிரிக்காத கடிதம் வீட்டில் கிடந்தால் உனக்குத் தூக்கம் வராது.

நலம் விசாரித்துச் சுற்றி வளைக்கவில்லை. ஓடைக்கரையில் மரம் வெட்டப் போகிறார்கள். என் குடியிருப்புக்கு மேலே தொடங்கி, நீர்மட்டக் கம்பத்தைத் தாண்டி, வளைவு வரைக்கும் இரண்டு கரையிலும் ஒவ்வொரு மரத்திலும் வெள்ளைப் பெயிண்டில் எண் போட்டாகிவிட்டது. ஓடையை நேராக்கி, கரையில் கல் பதித்து, வெள்ளம் ஏறாமல் செய்யப் போகிறார்களாம். இருபத்திரண்டு வருடமாகக் காலையும் மாலையும் அந்தக் கம்பத்தைப் பார்த்து நோட்டில் தண்ணீர் அளவு எழுதுகிறவன் நான். வெள்ளம் எத்தனை தடவை ஏறியது என்று என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வந்த பொறியாளர் நல்ல மனிதர்தான். நிழல் போனால் தண்ணீர் சூடாகும், நீலக்குச்சி ஒன்றுகூட மிஞ்சாது என்று அவரிடம் சொன்னேன். நுனி மட்டும் நீலமாக இருக்கிற ஊசித்தட்டான், மியூசியத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் இருக்கிறது என்றேன். அவர் கோப்பைப் புரட்டினார்.

"அந்தப் பூச்சி இங்க இல்லையே. கீழ பாலத்துக்கிட்டதானே இருக்கு? அங்க வேலி போட்டுக் காப்பாத்திட்டுத்தானே இருக்கோம்."

"இங்க நான் தினமும் பாக்கறேன் சார்."

"நீங்க பாக்கறது வேற தட்டானா இருக்கும். மியூசியத்துல லேபிளே இருக்கு. பாலத்தடின்னுதான் போட்டிருக்கு."

அந்த லேபிளை எழுதியது நீ. எழுதச் சொன்னது நான். பாலத்தடியில் ஒரு நீலக்குச்சிகூட எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்பது இந்த உலகத்தில் நம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். நான் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நீ சொல்ல வேண்டும். ஜூலை நடுவில் வெட்ட ஆரம்பிக்கிறார்கள்.

தம்பி

*

ஏப்ரல் 15

தம்பிக்கு,

பிரித்தேன். மூன்றாம் நாள்தான் பிரித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"நீ சொல்ல வேண்டும்" என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய். நோகாமல் நுங்கு தின்பதில் உன்னை யாரும் மிஞ்ச முடியாது, சின்ன வயதிலிருந்தே.

பதினாலு வருடத்துக்கு முன்னால் நடந்ததை உனக்கு ஞாபகப்படுத்துகிறேன். ஒரு மருந்துப் புட்டியில் நீலக்குச்சியைப் போட்டுக்கொண்டு, நாலு மணி நேரம் பஸ்ஸில் வந்து, என் மேசைக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாய். மேலே அருவி ஓடையில் வலையோடு ஆட்கள் வந்து, இரண்டே வாரத்தில் இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டு போய்க் கண்ணாடிச் சட்டத்தில் அடைத்து விற்றுவிட்டார்கள் என்றாய். அங்கே அது அத்தோடு ஒழிந்தது, என் ஓடைதான் பாக்கி என்றாய். மியூசிய லேபிளில் என்ன இடம் எழுதுகிறோமோ அதுதான் ஆண்டறிக்கையில் அச்சாகும், வலைக்காரர்கள் அதைப் படித்துத்தான் வருவார்கள் என்று உனக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

"இடத்த மாத்திப் போடுக்கா. பாலத்தடின்னு போடு. அங்க ஒண்ணும் கிடையாது. தேடித் தேடிக் கால் வலிச்சுப் போகட்டும் அவனுங்களுக்கு."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. கட்டைவிரல் நகம் அளவுள்ள காகிதம். அதில் "பாலத்தடி" என்று எழுத எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்காது.

இந்த மியூசியத்தில் என் கையால் எழுதிய லேபிள் நாலாயிரத்துக்கு மேல் இருக்கிறது. வண்டு, வண்ணத்துப்பூச்சி, தட்டான். அதில் ஒன்று பொய் என்று நானே சொன்னால் மற்றதை எவன் நம்புவான்? ஓய்வு பெற எனக்கு இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது. உன் நோட்டில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு சென்டிமீட்டர் கூட்டி எழுது என்று நான் கேட்டிருந்தால் எழுதியிருப்பாயா? எழுதியிருக்க மாட்டாய். என் கையை மட்டும் கேட்டாய்.

இன்னொன்று. உன் வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டாயா? அந்த லேபிளை நம்பித்தான் பாலத்தடியில் வேலி போட்டார்கள். வேலிக்குள் போனது அவள் அப்பாவின் எலுமிச்சைத் தோட்டம். அவர் இறந்த அன்று நான் வந்ததே அவளிடம் அதைச் சொல்லத்தான். நீ என் கையைப் பிடித்து பஸ் நிறுத்தம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனாய். "வாயத் திறந்தே, எனக்கு அக்காவே கிடையாது" என்றாய். நான் திறக்கவில்லை. அப்படியும் உனக்கு அக்கா இல்லாமல்தான் போனாள்.

முதலில் உன் வீட்டுக்குள் சொல். அப்புறம் என்னை என் அலுவலகத்தில் சொல்லச் சொல்.

அக்கா

*

ஏப்ரல் 24

அக்காவுக்கு,

நீ கேட்டது நியாயம். நோட்டில் ஒரு சென்டிமீட்டர் மாற்றி எழுத மாட்டேன். உன்னைக் கேட்டது தப்பு. இதை ஆறு வருடத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் பாலத்தடியைச் சொன்னபோது அந்தத் தோட்டம் யாருடையது என்றே எனக்குத் தெரியாது. மூன்று வருடம் கழித்துத்தான் அந்த வீட்டில் பெண் எடுத்தேன். வேலி போடுவார்கள் என்று யார் கண்டது? திருடனை ஏமாற்றத்தான் பொய் சொன்னோம், காவல்காரன் வந்து நம்பிவிட்டான்.

மாமாவை, அவள் அப்பாவை, உனக்கு அதிகம் தெரியாது. அதிகம் பேசாதவர். வேலி போட்டபோது ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "நாப்பது வருஷமா இங்க இருக்கேன். அந்தப் பூச்சிய நான் ஒரு நாளும் பாத்ததில்ல." எல்லோரும் சிரித்தார்கள். நிலம் போகிற ஆத்திரத்தில் கிழவர் பூச்சியே இல்லை என்கிறார் என்று பேசினார்கள். தோட்டம் போன பிறகு, மூன்றாவது மாடியில், ஜன்னல் திறந்தால் பக்கத்துச் சுவர் தெரிகிற ஒரு அறையில் அத்தையோடு இரண்டு வருடம் இருந்தார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். அங்கேயே இறந்தார்.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் கோபப்படுவாள் என்று பயமில்லை. கோபப்படாமல் என்னைப் பார்ப்பாளே, அதற்குத்தான் பயம். பயம்தான் அக்கா, வேறு காரணம் ஒன்றும் இல்லை.

இந்த வருடத்து முதல் நீலக்குச்சி நேற்று வந்தது. தண்ணீரை விட்டு வந்த புதுசு, இன்னும் நிறம் ஏறவில்லை, கழுவின பாட்டில் மாதிரி வெளுத்திருந்தது. எண் போட்ட மரத்தின் வேரில்தான் உட்கார்ந்திருந்தது.

தம்பி

*

மே 12

தம்பிக்கு,

உன் கடிதம் வந்த பிறகு பத்து நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. இப்போது செய்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன், ஏனென்றால் இதை நீயும் அறிய மாட்டாய்.

உன் மாமனார் மியூசியத்துக்குக் கடிதம் போட்டிருந்தார். ஒன்றல்ல, ஐந்து. எல்லாம் என் மேசைக்குத்தான் வந்தன, தட்டான் பிரிவு என்னுடையது என்பதால். முதல் கடிதத்தில், "ஐயா, என் தோட்டத்தில் அந்தப் பூச்சி இல்லை. வந்து தங்கிப் பாருங்கள். கட்டிலும் சாப்பாடும் நான் தருகிறேன்" என்று எழுதியிருந்தார். கடைசிக் கடிதத்தில் கட்டிலைப் பற்றி ஒன்றும் இல்லை. அதற்குள் தோட்டம் போயிருந்தது. ஒன்றுக்கும் நான் பதில் எழுதவில்லை. துளை போட்டுக் கோப்பில் சேர்த்தேன். நீ சொல்லவில்லை, நான் செய்தேன். எழுதச் சொன்னவன் நீ என்று உன்மேல் இத்தனை வருடம் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேனே, இந்த ஐந்து கடிதத்துக்கு யார்மேல் போடுவது?

நேற்று முன்தினம் இயக்குநரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். இடம் பொய், பொய் என்று தெரிந்தே எழுதினேன், உண்மையான இடம் நீர்மட்டக் கம்பம் இருக்கிற ஓடை என்று. யாருக்காக எழுதினேன் என்று எழுதவில்லை. உன் மாமனாரின் ஐந்து கடிதங்களையும் இணைத்திருக்கிறேன். உனக்கும் நகல் வைத்திருக்கிறேன், உன் வீட்டுக்காரிக்காக.

இயக்குநர் இரண்டு தடவை படித்தார். பிறகு கேட்டார்.

"அப்ப சொன்னது பொய்னா, இப்ப சொல்றது மட்டும் நிஜம்னு எப்படிம்மா எடுத்துக்கறது? அந்த ஓடைக்கரையில உங்க தம்பி வீடு இருக்கு. தம்பிக்காகச் சொல்றீங்கன்னு நாலு பேர் சொல்ல மாட்டாங்களா?"

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். போஜனம் கிடக்கட்டும், உண்மை சொன்னாலும் அதைக் கேட்க ஆளில்லை.

ஒரு குழுவை அனுப்புகிறார்கள். ஜூன் 5, ஒரே ஒரு நாள். நான் வரக் கூடாது. உன் சாட்சியும் செல்லாது. அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும், அல்லது நம் இரண்டு பேருக்கும் வேண்டாத ஒருவர் சொல்ல வேண்டும். இனி இழுப்பறைகளைத் தொடாதே என்று சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது உன் முறை.

அக்கா

*

மே 19

அக்காவுக்கு,

நகல் வந்தது. சொல்லிவிட்டேன்.

அவள் இங்கே இல்லை. இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத முடிகிறது.

தம்பி

*

ஜூன் 9

அக்காவுக்கு,

இப்போது எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

அன்று அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து ஆரம்பத்திலிருந்து சொன்னேன், புட்டியிலிருந்து ஜூன் 5 வரப்போகிற குழு வரைக்கும். கத்தியைக் கீழே வைக்கவில்லை, நறுக்கவும் இல்லை. அவள் அப்பாவின் கடிதங்களை மேசைமேல் வைத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எங்கப்பா இத எழுதிட்டே இருந்தப்ப ஸ்டாம்ப் வாங்கிக் குடுத்தது நீங்கதானே?"

ஆமாம் அக்கா. நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ஐந்து தடவையும். பாவம், எழுதிவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். அவள் கடிதங்களை எடுத்துக்கொண்டு அத்தையின் அறைக்குப் போய்விட்டாள். நறுக்கின பீன்ஸ் இரண்டு நாள் அப்படியே கிடந்தது.

ஜூன் 5 விடியும்போதே வானம் மூடியிருந்தது. என் தலைவிதி என்று நினைத்தேன். வெயில் பட்டால்தான் நீலக்குச்சி கீழே இறங்கும், மேகம் போட்டால் மரத்து உச்சிக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். மூன்று பேர் வந்தார்கள். பழைய பொறியாளர், பூச்சி படித்த ஒரு பேராசிரியர், குறிப்பு எழுத அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள். என்னைக் குடியிருப்பு வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டார்கள். இரண்டரை மணி நேரம் கரையில் மேலும் கீழும் நடந்தார்கள். ஒன்றுகூடத் தென்படவில்லை. பேராசிரியர் வலையை மடிக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்போது அவள் வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வருகிறாள் என்பது செருப்பில் இருந்த ரோட்டுப் புழுதியைப் பார்த்தாலே தெரிந்தது. என்னைப் பார்க்கவில்லை. அவர்களைத் தாண்டி, வாசலுக்கு எதிரே நாங்கள் துணி துவைக்கிற கல்லுக்குப் போனாள். தண்ணீரில் பாதி முங்கிக் கிடக்குமே, அந்தக் கல். குனிந்து பார்த்துவிட்டு அவர்களைக் கூப்பிட்டாள்.

"இதப் பாருங்க. இதுதானா அதுன்னு நீங்கதான் சொல்லணும்."

கல்லின் பக்கவாட்டில் சின்னச் சின்னதாகப் பழுப்புத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. நீலக்குச்சியின் குஞ்சு தண்ணீருக்குள் வளர்ந்து, ஏறி வந்து, உரித்துப் போட்டுவிட்டுப் பறக்கிற சட்டை. பேராசிரியர் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். லென்ஸை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். முப்பத்தேழு இருந்தன.

"இவ்ளோ ஒரே கல்லுல நான் பாத்ததே இல்லம்மா. எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"துவைக்க வரும்போதெல்லாம் ஒட்டிட்டு இருக்கும். அழுக்குன்னு நினைச்சு பிரஷ்ஷால தேய்ச்சு விட்டுட்டுத்தான் துணிய வைப்பேன். பதினோரு வருஷமா தேய்ச்சிருக்கேன். இந்த மூணு வாரமா நான் இங்க இல்ல. தேய்க்க ஆளில்ல."

நான் வாளியில் தண்ணீர் பிடித்து வீட்டுக்குள்ளேயே துவைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கல் பக்கம் போக மனசு வரவில்லை. இருபத்திரண்டு வருடமாகத் தண்ணீரைப் பார்க்கிற எனக்கு அந்தத் தோல் கண்ணில் படவே இல்லை.

பேராசிரியர் இதுதான், சந்தேகமே இல்லை என்றார். பொறியாளர் விடவில்லை. அவர் வேலை அது.

"நீங்க நீர்மட்டக்காரர் சம்சாரம்தானே? அவருக்காகப் பேசறீங்கன்னு எழுதிடுவாங்களே."

அவள் கைப்பையிலிருந்து அப்பாவின் கடிதத்தை எடுத்தாள்.

"நான் இவருக்காகப் பேச வரல. பாலத்துக்கிட்ட எலுமிச்சைத் தோட்டம் இருந்துச்சே, அந்தத் தோட்டக்காரர் பொண்ணு நான். இந்தப் பூச்சியால எங்களுக்கு ஒரு நல்லதும் நடக்கல. இது இங்கயும் இல்லாம அழிஞ்சு போனா எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல. ஆனா எங்கப்பா அங்க இல்லன்னு சொன்னது நிஜம். இங்க இருக்குன்னு நான் சொல்றதும் நிஜம். ரெண்டையும் சேர்த்து எழுதிக்கோங்க."

குறிப்பு எழுதுகிற அம்மாள் கையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பொறியாளர்தான், "எழுதுங்கம்மா" என்றார்.

அவர்கள் போன பிறகு உள்ளே வா என்றேன். வாசலிலேயே நின்றாள். "கல்லத் தேய்க்காதீங்க" என்றாள். அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள். அவளை அழைக்கப் போகலாமா, போனால் விரட்டுவாளா என்று ஒன்றும் புரியவில்லை. அக்கா, நீயும் ஒரு பெண். அவள் திரும்பி வருவாளா?

தம்பி

*

ஜூலை 2

தம்பிக்கு,

குழுவின் முடிவு வந்துவிட்டது. உனக்கும் நகல் வரும், அதற்குள் நான் சொல்லிவிடுகிறேன். கம்பத்துக்கு மேலே இருநூறு அடி, கீழே வளைவு வரைக்கும், ஒரு மரத்தையும் தொடக் கூடாது. கல் பதிக்கிற வேலையை வளைவுக்கு அப்பால் மாற்றிக்கொண்டார்கள். பாலத்தடி வேலியை "மறுபரிசீலனை" செய்வார்களாம். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று நம் இருவருக்கும் தெரியும். மரமெல்லாம் பட்டுப்போன தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

என்னைப் பற்றி. ஓய்வு நாள் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்கள். நாலாயிரம் லேபிளையும் வேறு ஆள் சரிபார்க்கப் போகிறாள். சின்னப் பெண், பொறுமைசாலி. சந்தேகம் கேட்பதற்காக என்னை இந்த மாதம் முழுக்க வெளியறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். மற்றதெல்லாம் உண்மைதான் என்று அவளிடம் சொன்னேன். "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டு, முதல் இழுப்பறையிலிருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்க ஆரம்பித்தாள். சொல்லப்போனால் அதுதான் முறை. எனக்கு வலித்தது, அதுவும் உண்மை.

போன வாரம் நீ கொடுத்த அந்த நீலக்குச்சியை எடுத்துக்கொண்டு வந்தாள். பதினாலு வருடத்தில் நீலம் முழுக்கப் போய்விட்டது. ஊசியில் ஒரு பழுப்புக் குச்சி நிற்கிறது, அவ்வளவுதான்.

"பழைய லேபிள எடுத்துட்டுப் புதுசு போடட்டுமாம்மா?" என்று கேட்டாள்.

எடுக்கக் கூடாது என்றேன். மியூசியத்தில் தப்பான லேபிளைக் கழற்றுவது கிடையாது. சரியானதை எழுதி அதே ஊசியில் அதற்குக் கீழே குத்த வேண்டும். பார்க்கிறவனுக்கு இரண்டும் தெரிய வேண்டும். இந்த விதியை எத்தனை பேருக்கு நானே சொல்லிக் கொடுத்திருப்பேன். என் கையெழுத்து மேலே, அவள் கையெழுத்து கீழே. இந்தக் கட்டடம் இருக்கிற வரைக்கும் அது அப்படித்தான் இருக்கும்.

கல்லிலிருந்து எடுத்த தோல்களுக்கும் லேபிள் போட்டார்கள். கண்டெடுத்தவர் என்ற இடத்தில் உன் வீட்டுக்காரியின் பெயர், அதற்குப் பக்கத்தில் அவள் அப்பாவின் பெயர். அவளே அப்படிக் கேட்டாளாம். என்னை எழுத விடவில்லை. நானும் கேட்கவில்லை.

அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். மன்னிப்பு என்ற வார்த்தை அதில் இல்லை. அவள் அப்பா எழுதின ஐந்து கடிதங்களுக்கும் நான் அன்று எழுதியிருக்க வேண்டிய பதிலை எழுதினேன். ஆமாம், உங்கள் தோட்டத்தில் அந்தப் பூச்சி இல்லை என்று. அவள் படித்தாளா, கிழித்தாளா, தெரியாது.

அவள் திரும்பி வருவாளா என்று கேட்டிருக்கிறாய். அக்கா என்ற முறையில் உனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும். வருவாள் என்று எழுதிவிட்டு உறையை ஒட்டிவிடலாம், அரை நிமிட வேலை. ஆனால் எனக்குத் தெரியாது தம்பி. தெரியாததைத் தெரிந்தது போல எழுதுவதை நான் விட்டுவிட்டேன்.

அக்கா